கையுறைக்கு முன் துடைப்பம்

கேள்வி: உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிறேன். அண்மையில் எங்கள் லயத்துக்குக் கீழே ஆற்றோரம் ஓர் ஆந்தைக் குஞ்சு கிடந்தது. தம்பியும் நானும் எடுத்து வந்து பாணைப் பாலில் நனைத்து ஊட்டினோம். பிறகு வனஜீவராசிகள் அதிகாரிகள் வந்து கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து, காயப்பட்ட கழுகு, ஆந்தைகளைப் பராமரிக்கும் நிலையமொன்றில் தொண்டராகச் சேர ஆசை. "ஆந்தை சகவாசம் குடும்பத்துக்கு ஆகாது" என்கிறார் அம்மா. அனுபவம் இல்லாத நான் விண்ணப்பிக்கலாமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: தாராளமாக விண்ணப்பியுங்கள், தங்கச்சி. அனுபவம் இல்லாதது தடையல்ல. பறவையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்ற ஆசைதான் தடை. அது உங்களுக்கும் கொஞ்சம் இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

மனிதர் கையில் வளரும் குஞ்சு மனிதரையே தன் இனமாக நினைத்துக்கொள்ளும். காட்டில் விட்டாலும் தீனிக்கு ஆட்களைத் தேடி வரும். இணை தேடும் பருவத்தில் ஆட்கள் மீதே பாயும். பிறகு ஆயுளுக்கும் கூண்டுதான். அதனால்தான் நல்ல நிலையங்களில் குஞ்சுக்கு ஊட்டுகிறவர் முகத்தை மறைத்துக்கொள்கிறார், வாய் திறப்பதில்லை. அதே இனத்துப் பெரிய பறவை ஒன்று அங்கே இருந்தால் வளர்ப்பை அதனிடமே விட்டுவிடுவார்கள். வருகிறவர் கையில் கழுகை உட்கார வைத்துப் படம் எடுக்கவிடும் இடமென்றால், வாசலோடு திரும்பிவிடுங்கள்.

உங்களுக்குக் கிடைக்கப்போகும் வேலை என்ன? கூண்டு கழுவுதல், எச்சம் சுரண்டுதல், மலைபோல் சேரும் துவாய்களைத் துவைத்தல். உறைந்த கோழிக்குஞ்சையும் எலியையும் இளகவைத்து எடைபோட்டு வைத்தல். வெறும் இறைச்சியை மட்டும் தின்று வளரும் குஞ்சுக்குக் கல்சியம் போதாமல் எலும்பு வளைந்துவிடும்; ஆகவே எலும்பு, தோல், மயிரோடு முழு இரை கொடுக்க வேண்டும். செரிக்காத மயிரும் எலும்பும் உருண்டையாகத் திரண்டு பிறகு வாய்வழியே வெளியே வரும். அந்த உருண்டை விழுந்ததா, எப்படி இருந்தது என்று பார்த்துக் குறித்து வைப்பதும் தொண்டர் வேலைதான். அருவருப்பாக இருக்கிறதா? உயிரியல் படித்தவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. உதிர்ந்த இறகுகளையும் வீசிவிடக் கூடாது. இறகு முறிந்து வரும் பறவைக்கு, அதே இனத்தின் பழைய இறகை மூங்கில் ஈர்க்கு வைத்துப் பொருத்திவிடும் வித்தை ஒன்று உண்டு. அடுத்த இறகு முளைக்கும்வரை காத்திருக்காமல் பறவை பறந்துபோகலாம்.

மனத்தையும் தயார் செய்துகொள்ளுங்கள். வரும் பறவைகள் எல்லாம் பிழைப்பதில்லை. மூட்டு நொறுங்கிய சிறகோடு வருவதை வைத்தியர் வலியில்லாமல் உறங்கவைத்துவிடக் கூடும். அன்று அழலாம், மறுநாள் கூண்டு கழுவ வரவேண்டும்.

இனி உங்கள் குஞ்சு. ஆந்தைக் குஞ்சுகள் பறக்கப் பழகும் முன்பே கூட்டைவிட்டு வெளியேறிக் கிளைகளில் தத்தித் திரியும். சில சமயம் கீழே விழும். பெற்றோர் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். காயம் இல்லாத குஞ்சென்றால் பக்கத்துக் கிளையில் ஏற்றிவிட்டு விலகி நிற்பதே போதும். பாணும் பாலும் வேண்டவே வேண்டாம்: பறவைக்குப் பால் செரிக்காது. மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே இருப்பதால், ஊற்றுகிற எதுவும் நுரையீரலுக்குப் போகலாம். காயம் இருந்தால் துவாயைப் போர்த்திப் பிடித்து, காற்றோட்டமுள்ள காட்போட் பெட்டியில் இருட்டாக வைத்து, 1992 என்ற வனஜீவராசிகள் திணைக்கள இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். கம்பிக் கூண்டு இறகை நாசமாக்கும். அலகைவிடக் கால்நகத்துக்குத்தான் பயப்பட வேண்டும். 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றமும்கூட.

அம்மாவோடு சகுனத்தைப் பற்றி வாதாடாதீர்கள், வெல்ல முடியாது. ஏற்புத்தடை ஊசி போட்டுக்கொள்வேன், கையுறையும் சவர்க்காரமும் இல்லாமல் எதையும் தொடமாட்டேன் என்று அவருக்கு உறுதி கொடுங்கள். எச்சத்தில் சல்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் அது வெறும் சமாதானமும் அல்ல. லயத்து எலிகளை ஆந்தை தின்பதையும் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலின் பயம் அவருக்கும் தெரிந்ததுதானே. அப்படியே எலி நஞ்சைப் பற்றியும் பேசுங்கள். நஞ்சு தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் உள்ளே இரத்தம் கசிந்து சாகக்கூடும். எலிப்பொறி வாங்கிக் கொடுத்தால் வீட்டிலிருந்தே தொண்டைத் தொடங்கியாயிற்று.

எங்கே விண்ணப்பிப்பது? திணைக்களத்தின் வனவிலங்கு வைத்தியசாலை ரந்தெனிகலவில் இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடமும் உங்களுக்குத் தூரமில்லை. இரண்டு இடங்களுக்கும் எழுதிக் கேளுங்கள். தொண்டு செய்ய வருகிறவரிடமே பெருந்தொகை கேட்கும் இடங்களுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். கடிதத்தில் பறவைப் பாசத்தைக் குறைத்து, எத்தனை மாதம் வர முடியும், எங்கே தங்குவீர்கள் என்பதை எழுதுங்கள். தமிழும் சிங்களமும் பேசுவீர்களானால் அதை முதல் வரியிலேயே போடுங்கள். தோட்டத்திலிருந்து ஒருவர் காயப்பட்ட பறவையோடு தமிழில் தொலைபேசி எடுக்கும்போது, பெட்டியில் வையுங்கள், பால் ஊற்றாதீர்கள் என்று அவருக்குப் புரியச் சொல்ல ஆள் வேண்டும்.