துரோகியா, ரொஸ்தோம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினேழாம் நூற்றாண்டில் கிழக்கு ஜார்ஜியாவின் கார்ட்லி நாட்டை ஆண்ட ரொஸ்தோம் பற்றிய உங்கள் கட்டுரையில் அவர்மேல் ஒரு பரிவு தெரிகிறது. ஈரானின் மன்னரான ஷாவின் தயவுக்காக இஸ்லாத்துக்கு மதம் மாறி அரியணை ஏறியவரைத் துரோகி என்று சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்? அவருக்கு முன் ஆண்ட இரண்டாம் லுவர்சாப் மதம் மாற மறுத்து 1622-ல் உயிரையே விட்டாரே?

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் ஒரு திருத்தம். ரொஸ்தோம் அரியணைக்காக மதம் மாறியவர் அல்ல. அவருடைய தந்தை தாவூத் கானே மதம் மாறியவர். மகன் குஸ்ரோ மிர்சா என்ற பெயரில் ஈரானில் முஸ்லிமாகவே வளர்ந்தார். இஸ்பஹான் நகர நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்தார். ஷா ஸஃபி அவரைக் கார்ட்லிக்கு அனுப்பியபோது அறுபதைத் தாண்டிவிட்டது. கட்சி மாறாதவரைத் துரோகி என்பது எப்படி?

பரிவு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஷா அப்பாஸின் படையெடுப்புகளில் பக்கத்து நாடான ககேத்தி ஏறக்குறைய காலியாகிவிட்டது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஈரானுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். அந்தச் சாம்பல் ஆறுவதற்குள் வந்தவர் ரொஸ்தோம். ஷாவின் ஏட்டில் அவர் ஆளுநர், ஊருக்கு அரசர். கோட்டைகளில் பாரசீகக் காவற்படை, அரண்மனையில் பாரசீக உடையும் நடையும். ஆனால் மணந்தது மேற்கு ஜார்ஜியாவிலுள்ள மிங்ரேலியாவின் மரியம் தாதியானியை, கிறிஸ்தவச் சடங்கும் சேர்த்து. அந்த அரசிதான் ஜார்ஜியாவின் பழைய வரலாற்று நூலான 'கார்ட்லிஸ் த்ஸ்கோவ்ரேபா'வைப் பெரிய சுவடியாகப் படியெடுக்கச் செய்தார். மித்ஸ்கெத்தாவின் ஸ்வெதித்ஸ்கோவேலி தேவாலயத்தின் குவிமாடம் 1656-ல் சீரமைக்கப்பட்டதும் இந்த முஸ்லிம் அரசரின் காலத்தில்தான். புனிதர் ஆன லுவர்சாபுக்கு இதில் எதற்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவர் தியாகத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அதன் விலையை நாடும் சேர்ந்து கொடுத்தது என்கிறேன்.

அதற்காக ரொஸ்தோமை வெள்ளையடிக்கவும் வேண்டாம். ககேத்தியின் அரசர் தைமுராஸ், தாய் கெத்தேவானை 1624-ல் ஈரானின் ஷிராஸில் சித்திரவதைக்கு இழந்தவர். (கெத்தேவானின் எலும்புகளாகக் கருதப்படுபவை பழைய கோவாவில் கிடைத்து, 2021-ல் ஜார்ஜியாவிடம் ஒப்படைக்கப்பட்டன.) அந்த மனிதரை விரட்டியடித்ததும், 1648 போரில் அவர் மகன் தாவீத் மாண்டதும் ரொஸ்தோமின் படையால்தான். அமைதியை அவர் யாருடைய ரத்தத்தில் வாங்கினார் என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் குறைவாகவே இருந்திருக்கும். நீங்கள் அதைக் கேட்கவில்லை, மதத்தைக் கேட்டீர்கள்.

ஏற்பாடு நிலைத்ததா என்றால், நிலைத்தது. ரொஸ்தோம் தத்தெடுத்த வாக்தாங் 1658-ல் பட்டத்துக்கு வந்தார், மதம் மாறி, ஷாநவாஸ் என்ற பெயரோடு. பிறகு முதல் மனைவியை விலக்கிவிட்டு ரொஸ்தோமின் விதவை மரியத்தை மணந்தார்.