'முழுக்கத் தேக்கு' என்று விற்ற பாய்மரப் படகு: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: வணக்கமுங்க வக்கீலம்மா. பொள்ளாச்சி பக்கம் தென்னை நார் ஆலை வைத்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது சென்னையில் பாய்மரப் படகு ஓட்டப் பழகினேன், அந்த ஆசை விடவில்லை. 14 மாதத்துக்கு முன்னால் கொச்சியில் ஒரு படகு வியாபாரியிடம் 22 அடி நீளமுள்ள பழைய மரப் படகை 6,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். "1938-இல் இங்கிலாந்தில் கட்டியது, முழுக்கத் தேக்கு" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். ரசீதில் "உள்ளது உள்ளபடி" என்று போட்டிருக்கிறது. இரண்டு மணி நேரம் நானே சுற்றிப் பார்த்துத்தான் வாங்கினேன். படகு அங்கேயே நண்பர் வீட்டுத் துறையில் நிற்கிறது. போன மாதம் பெயின்ட் அடிக்க வந்த ஆசாரி, தண்ணீருக்குக் கீழே இருக்கிற பலகை பெரும்பாலும் அயினி, பட்டறைப் பெயர்த் தகடும் புதிதாக அடித்தது என்கிறார். வியாபாரியோ "நான் வெறும் புரோக்கர்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம்ங்க. பெயின்ட் வேலையை உடனே நிறுத்துங்கள். படகில் பாய் ஏற்றவும் வேண்டாம். ஏமாற்றம் தெரிந்த பிறகும் படகை ஓட்டிக்கொண்டும் புதுப்பித்துக்கொண்டும் இருந்தால், ஒப்பந்தத்தை நீங்களே ஏற்றுக்கொண்டதாக எதிர்த்தரப்பு வாதிடும். அதற்காகக் கரையில் ஏற்றி வெயிலில் போட்டுவிடாதீர்கள். மரப் பலகை காய்ந்து சுருங்கினால் இணைப்புகள் விரியும், அப்புறம் அந்தச் சேதத்தை உங்கள் தலையில் கட்டுவார்கள். தண்ணீரிலேயே கட்டி வைத்து, மேலே கீற்றோ தார்ப்பாயோ போட்டு, தேங்கும் நீரை மட்டும் இறைத்து வாருங்கள்.

விலை அதிகம் என்பதை மட்டும் வைத்து எந்த நீதிமன்றமும் பணத்தைத் திருப்பித் தராது. 4 லட்சம் பெறும் பொருளை 6 லட்சத்துக்கு விற்பது குற்றமில்லை. "அருமையான படகு, இன்னும் விலை ஏறும்" என்று அவர் சொல்லியிருந்தால் அது வியாபாரப் பேச்சு. ஆனால் "1938", "இங்கிலாந்து", "முழுக்கத் தேக்கு" மூன்றும் சரிபார்க்கக்கூடிய தகவல்கள். விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15. உங்கள் வழக்கு இந்த மூன்று சொற்களில்தான் நிற்கிறது. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

இந்த மூன்றில் தேக்கைத்தான் எளிதாக நிரூபிக்கலாம். டாப்சிலிப் சரிவில் தேக்கு உருட்டிவிட்ட காலத்திலிருந்து மரத்தோடு பழகிய ஊர் நம்முடையது, ஆசாரி கண்ணை நான் மதிக்கிறேன். ஆனாலும் வழக்குக்குக் கண் போதாது, எழுத்து வேண்டும். பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் சிறு துண்டை வைத்தே இன்ன மரம் என்று சொல்லிவிடுவார்கள். நீங்களாக வெட்டி அனுப்பினால் வியாபாரி "இது என் படகின் துண்டே இல்லை" என்பார். வியாபாரிக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்து, சாட்சியோடு எடுங்கள். நுகர்வோர் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பும்படி கேட்கவும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 38 வழி தருகிறது.

1938, இங்கிலாந்து என்பதைச் சோதிக்க லாயிட்ஸ் நிறுவனம் 1878 முதல் 1980 வரை வெளியிட்ட உல்லாசப் படகுப் பதிவேடுகள் உதவும். படகின் பெயர், கட்டியவர், ஆண்டு, அளவு அதில் இருக்கும். சிறிய படகுகள் பல அதில் ஏறவில்லை, ஆகவே பெயர் இல்லாததாலேயே பொய் என்று ஆகாது. பிரிட்டனில் முறையாகப் பதிவான கலம் என்றால் பதிவெண்ணைப் படகின் முக்கியக் குறுக்கு உத்தரத்தில் செதுக்கியிருப்பார்கள். தகட்டைக் கழற்றலாம், செதுக்கியதை அப்படி மாற்ற முடியாது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பழைய மரப் படகில் பலகை மாற்றுவது வழக்கம்தான். 80 வயதுப் படகில் பாதிப் பலகை புதிதாக இருப்பது மோசடி ஆகாது. மாற்றியதை மறைத்து "முழுக்கத் தேக்கு" என்றதும், தகடு செய்து ஒட்டியதும்தான் மோசடி. தகட்டை அவரேதான் அடித்தார் என்று காட்ட முடிந்தால் வழக்கின் பலமே வேறு.

"உள்ளது உள்ளபடி" என்பதைக் கண்டு கலங்க வேண்டாம். கீறல், கசிவு போன்றவற்றுக்கு அது அவரைக் காக்கலாம், பொய்யைக் காக்காது. இரண்டு மணி நேரம் பார்த்தீர்களே என்று கேட்பார்கள். விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற தடை 1872 ஒப்பந்தச் சட்டம் பிரிவு 19-இல் உண்டுதான், ஆனால் தெரிந்தே சொன்ன பொய்க்கு அது பொருந்தாது. தண்ணீருக்குக் கீழே பெயின்டுக்குள் இருந்த பலகையை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்?

புரோக்கர் என்ற பேச்சுக்கு வருவோம். ரசீது யார் பெயரில், பணம் யார் கணக்குக்குப் போனது என்று பாருங்கள். உரிமையாளர் யார் என்பதைச் சொல்லாமல் விற்றிருந்தால் புரோக்கரே பொறுப்பு என்று ஒப்பந்தச் சட்டம் பிரிவு 230 கருதுகிறது. உரிமையாளர் பெயர் தெரிந்தால் இருவரையும் வழக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கொச்சிக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் 200 ரூபாய். கெடு 2 ஆண்டு. வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், உங்களுக்கு 10 மாதம்தான் பாக்கி. சுற்றுலாப் பயணிகளுக்கு அந்தப் படகை வாடகைக்கு விட்டதுண்டா என்று உங்களை நீங்களே கேளுங்கள். விட்டிருந்தால் வணிகப் பயன்பாடு என்று சொல்லி நுகர்வோர் வழக்கையே தட்டிவிடப் பார்ப்பார்கள், அப்போது உரிமையியல் நீதிமன்றம்தான்.

கேட்பதை இரண்டாகக் கேளுங்கள். முதலில், படகை எடுத்துக்கொண்டு முழுப் பணமும் தர வேண்டும். அது கிடைக்காவிட்டால், அவர் சொன்னபடி இருந்திருந்தால் படகு பெறும் விலைக்கும் இப்போது பெறும் விலைக்கும் உள்ள வித்தியாசம். 14 மாதம் வைத்திருந்ததால் இரண்டாவதற்கும் தயாராக இருங்கள். அதற்கு மரப் படகு கட்டும் பட்டறைகள் இரண்டிலாவது எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். போலீஸ் புகாரை இப்போது எடுக்க வேண்டாம், தகடு விஷயம் ஊர்ஜிதமான பிறகு பார்க்கலாம். இந்த வாரமே 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவு செய்த ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள், மரத்துண்டு எடுக்கும் தேதியையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.