காட்ஜில்லா பொம்மைகள் சேகரிக்க ஆசை. மூட்டுக்கு மூட்டு மடங்கும் விலை கூடிய ஆக்‌ஷன் ஃபிகர் வாங்கலாமா, சாதாரண வினைல் பொம்மை போதுமா?

வினைல் பொம்மையிலிருந்து தொடங்குங்கள். நான் தலைகீழாகத் தொடங்கி, காசைக் கரைத்த பிறகு இந்த முடிவுக்கு வந்தவன்.

வேலை விஷயமாக டோக்கியோவில் மூன்று வருடம் இருந்தேன். போகும்போது 'கைஜூ' என்ற சொல்கூடத் தெரியாது. காட்ஜில்லா, மோத்ரா, ரோடான், கிடோரா மாதிரியான ராட்சத மிருகங்களுக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பொதுப்பெயர் அது. திரும்பி வரும்போது பெட்டியில் துணிமணியைவிட கைஜூதான் அதிகம். இப்போது அலமாரியில் நாற்பத்தொன்று நிற்கின்றன. மனைவியின் கணக்கில் நாற்பத்தேழு. பீரோவுக்கு மேலே அட்டைப்பெட்டியில் இருப்பவற்றையும் எண்ணிவிட்டாள்.

முதலில் வாங்கியது நீங்கள் கேட்கும் ரகம்தான். பண்டாய் கம்பெனியின் எஸ்.எச்.மான்ஸ்டர்ஆர்ட்ஸ் வரிசையில் ஒரு காட்ஜில்லா. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. வால் கணுக்கணுவாக வளையும், தாடை திறக்கும். ஒரு வாரம் தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் போஸ் மாற்றினேன். அப்புறம் மாற்றவில்லை. நூறு விதமாக நிற்கத் தெரிந்த பொம்மை அலமாரிக்குள் போனதும் ஒரே விதமாகத்தான் நிற்கிறது. அந்த நூறு விதத்துக்காக உடம்பெங்கும் போட்ட வெட்டுக்கோடுகள் மட்டும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. முழங்காலைப் பார்த்தால் கதவுக் கீல் ஞாபகம் வந்தது.

ஏதோ ஒட்டவில்லை, என்னவென்று பிடிபடவில்லை. பழைய படங்களை வரிசையாகப் பார்த்தபோதுதான் விளங்கியது. 1954 நவம்பரில் வந்த முதல் படத்தை இயக்கியவர் இஷிரோ ஹோண்டா. தந்திரக் காட்சிகள் எய்ஜி சுபுராயா. கிங் காங்கை அமெரிக்காவில் எடுத்ததுபோல பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி எடுக்கத்தான் சுபுராயாவுக்கும் ஆசை. கையில் இருந்த நாட்களும் பணமும் அதற்குப் பற்றவில்லை. ஆகவே ரப்பர் உடை தைத்து உள்ளே ஒரு மனிதரை நுழைத்தார்கள். பெயர் ஹரூவோ நகாஜிமா. முதலில் செய்த உடை சுமார் 100 கிலோ இருந்தது, சில அடிகளுக்கு மேல் நடக்க முடியவில்லை. மிருகம் கனமாகத் தெரியவேண்டும் என்பதற்காக கேமராவை வேகமாக ஓட்டிப் படம்பிடித்தார்கள், திரையில் ஓடும்போது அசைவு மெதுவாகிவிடும். அப்படி எடுக்க விளக்கு வெளிச்சமும் பல மடங்கு வேண்டும். அந்தச் சூட்டில், அந்த ரப்பருக்குள், உவேனோ மிருகக்காட்சிசாலையில் பார்த்துவந்த யானையின் நடையையும் கரடியின் நடையையும் நினைத்துக்கொண்டு மனிதர் நடந்திருக்கிறார். 1972 வரை அந்த உடை பெரும்பாலும் அவருக்குத்தான்.

திரையில் நாம் பார்க்கும் காட்ஜில்லா என்பது உள்ளே வெறுமையான ஒரு தடித்த தோல். இடுப்பில் மடிப்பு விழும், தொடை பருத்திருக்கும், முழங்கால் முழுசாக மடங்காது. வினைல் பொம்மையும் அச்சு அசலாக அதுதான். வாலைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தால் இருட்டு. ஆக்‌ஷன் ஃபிகர் அந்த மனிதரை வெளியே அனுப்பிவிட்டு நிஜ மிருகம் ஒன்றைச் செய்யப் பார்க்கிறது. எனக்கு உள்ளே ஆள் இருப்பதுதான் பிடித்திருக்கிறது.

இந்த வினைல் பொம்மையை ஜப்பானில் 'சோஃபுபி' என்பார்கள். சாஃப்ட் வினைல் என்பதை அவர்கள் வாய்க்குத் தோதாகச் சுருக்கியது. செய்யும் விதம் தெரிந்தால் மரியாதை கூடும். மெழுகில் மூலவடிவம் செய்து, அதன்மேல் மின்முலாம் பூசும் முறையில் தாமிரத்தைப் படியவைத்து அச்சு எடுக்கிறார்கள். அச்சுக்குள் கஞ்சிபோல இருக்கும் வினைலை ஊற்றி, கொதிக்கும் எண்ணெயில் இறக்குகிறார்கள். சுவரோரம் ஒட்டிய பகுதி இறுகியதும் நடுவில் மிச்சமிருப்பதைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு மறுபடி சூடு. கடைசியில்தான் வித்தை: சூடு ஆறுவதற்குள் சின்ன வாய் வழியாக முழு உடம்பையும் இடுக்கியால் பிடித்து ஒரே இழுப்பு. வாயைவிட உடம்பு பெரியது. மென்மையாக இருப்பதால் நசுங்கி வெளியே வந்து பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். இந்தப் பொம்மைகள் ஏன் இவ்வளவு மெத்தென்று இருக்கின்றன என்ற கேள்விக்கும் அதுதான் பதில்.

இந்த மோகம் பற்றிக்கொண்டது 1966இல். ஜனவரியில் அல்ட்ரா க்யூ, ஜூலையில் அல்ட்ராமேன் என்று சுபுராயாவின் கம்பெனி தொலைக்காட்சியில் வாராவாரம் புது மிருகத்தை இறக்கியது. மருசான் என்ற பொம்மைக் கம்பெனி அவற்றை வினைலில் போட்டது. அல்ட்ரா க்யூ கறுப்பு வெள்ளைத் தொடர் என்பதாலோ என்னவோ, நிறத்தில் அவர்கள் கை தாராளமாகப் புகுந்து விளையாடியது. படத்தில் கனவிலும் வராத பச்சையும் ஆரஞ்சும் அந்தப் பொம்மைகளில் பார்க்கலாம். பிறகு வந்த புல்மார்க் கம்பெனி 1977இல் திவாலானது. 1980களிலிருந்து பண்டாயின் ராஜ்ஜியம். மருசான், புல்மார்க் அசல்களைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி, நம் பர்ஸுக்கு அது வேறு உலகம். நீங்கள் பண்டாயின் மூவி மான்ஸ்டர் வரிசையில் தொடங்குங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த உயரம், கையில் எடுத்தால் இதமான கனம்.

நான் பாடம் கற்றது டோக்கியோவின் நகானோ பகுதியில். ஷின்ஜுகுவிலிருந்து சூவோ விரைவு ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம். ஸ்டேஷனை விட்டு இறங்கி, கூரை போட்ட கடைத்தெரு வழியாக நடந்தால் நகானோ பிராட்வே என்ற பழைய வணிக வளாகம் வரும். அதுவும் 1966இல் திறந்ததுதான். மந்தராக்கே என்ற பழைய பொருள் கடை உள்ளே ஏகப்பட்ட சின்னச் சின்னக் கடைகளாகப் பிரிந்து கிடக்கும். அதே வளாகத்தில் இன்னொரு குட்டிக் கடையில், சாம்பல் நிறக் காட்ஜில்லா ஒன்றைக் காட்டி, "இது 1954 காட்ஜில்லாதானே?" என்று என் அரைகுறை ஜப்பானியத்தில் கேட்டேன். கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். பதில் சொல்லாமல் பொம்மையை எடுத்து மல்லாத்தி, என் விரலைப் பிடித்துப் பொம்மையின் கால்விரல்மேல் வைத்து எண்ணவைத்தார். இச்சி, நி, சான். மூன்று. பிறகு தலையின் பக்கவாட்டைத் தடவிக் காட்டினார். காது இல்லை.

1954 உடைக்குக் காலில் நான்கு விரல், சின்னதாகக் காது உண்டு. 1962இல் கிங் காங்கோடு மோதியபோது விரல் மூன்றானது, காது போனது. 1975 வரை அப்படியே. 1984இல் மறுபடி நான்கு விரல், காது. ஒவ்வொரு உடைக்கும் ரசிகர்கள் செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள்: 1962க்கு கிங்கோஜி, 1964இல் மோத்ராவோடு மோதியதற்கு மோசுகோஜி. இந்த மோசுகோஜியின் மேலுதடு படத்தில் நடக்கும்போது தளதளவென்று ஆடும். நகோயா கோட்டைக் காட்சியில் விழுந்து தலை அடிபட்டதால் அப்படி ஆனது என்பார்கள். அன்று நான் வாங்கியது கிங்கோஜி.

உயரக் கணக்கை மட்டும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1954இல் 50 மீட்டர், 1984இல் 80, 2016 ஷின் காட்ஜில்லாவில் 118.5, 2023இல் வந்த காட்ஜில்லா மைனஸ் ஒன் படத்தில் மறுபடி 50 சொச்சம். டோக்கியோவில் கட்டடம் உயர உயர அதுவும் உயர்ந்தது. பொம்மையில் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம்தான், தோளோடு தோள் நிற்கும்.

சரி, நான் பட்ட அடிகளையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒருவரிடம் 1971 படத்தில் வந்த ஹெடோராவின் பொம்மை வாங்கினேன். தொழிற்சாலைக் கழிவைத் தின்று வளரும் சகதி மிருகம், எனக்கு ரொம்பப் பிடித்தது. வந்தது போலி. பெட்டியைத் திறந்ததும் பெயிண்ட் நாற்றம். மேனியின் மடிப்புகளெல்லாம் பாதி கரைந்த சோப்புபோல மழுங்கியிருந்தன. நண்பரின் அசலோடு பக்கத்தில் வைத்தபோது அரை விரல் குட்டை. அசல் பொம்மையை வைத்தே அச்சு எடுத்து வார்ப்பதால், ஆறும்போது வினைல் சுருங்கி நகல் எப்போதும் கொஞ்சம் சிறுத்துவிடும். அதனால் வாங்குமுன் உள்ளங்காலின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். கம்பெனி பெயரும் வருடமும் புடைப்பாக இருக்கவேண்டும். அந்த வருடம் பல நேரம் உரிமை வாங்கிய வருடம்தான், பொம்மை வார்த்த வருடம் என்று நம்பி கூடுதல் காசு கொடுத்துவிடாதீர்கள். காதிலோ கையிலோ தொங்கும் சின்ன அட்டை இருந்தால் விலை ஏறும். எனக்கு அட்டை வேண்டாம், அந்தக் காசில் இன்னொரு பொம்மை வரும்.

இரண்டாவது அடி அலமாரியில். வினைலை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ச் சேர்மானம் வருடக்கணக்கில் மெதுவாகக் கசியும். ஒரு ரோடானை பிளாஸ்டிக் தட்டில் நிற்கவைத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்து எடுத்தால் தட்டில் பாதம் பதிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது எல்லாக் காலுக்கடியிலும் கண்ணாடித் துண்டு. ஜன்னல் வெயிலில் நிற்கவைத்தால் நிறம் போகும், கணுக்காலும் தளர்ந்து மிருகம் முன்னால் சாயும். சாய்ந்ததற்குப் பயப்பட வேண்டாம். வெந்நீரில் சில நிமிடம் முக்கி, நிமிர்த்திப் பிடித்து, குளிர்ந்த நீரில் விட்டால் நிமிர்ந்துவிடும்.

ஜப்பான் போக வாய்த்தால் நகானோ தவிர அகிஹபாராவின் வாடகைக் கண்ணாடிப் பெட்டிக் கடைகளையும் பாருங்கள். தனி ஆட்கள் ஒரு தட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கள் சேகரிப்பை விற்கும் இடம். சிபாவில் மகுஹாரி மெஸ்ஸே வளாகத்தில் வருடம் இருமுறை நடக்கும் வொண்டர் ஃபெஸ்டிவலில் வேறொரு வேடிக்கை. வீட்டில் சிலை வடிக்கும் ஆர்வலர்களுக்கு, அந்த ஒரு நாள் மட்டும் விற்க உரிமை கொடுக்கும் வழக்கம் உண்டு. மறுநாள் அதே பொம்மையை விற்கக்கூடாது. போனால் சீக்கிரமே வரிசையில் நில்லுங்கள்.

இங்கிருந்தே வரவழைப்பதென்றால் தபால் செலவையும் சுங்க வரியையும் பொம்மை விலையோடு கூட்டிய பிறகு முடிவெடுங்கள். வாலையும் இறக்கையையும் கழற்றிக் கட்டச் சொன்னால் பெட்டி பாதியாகச் சுருங்கும், இறக்கையும் நசுங்காது. போன மாதம் எனக்கு வந்த மூன்று தலைக் கிடோரா அப்படித்தான் துண்டு துண்டாக வந்தது. இரண்டு கழுத்து பொருந்திவிட்டன. மூன்றாவது அடம்பிடிக்கிறது, இன்று ராத்திரி அதற்கு வெந்நீர் வைக்கவேண்டும்.