பயத்தை விடுங்கள், தாளைச் சரிசெய்யுங்கள்

கேள்வி: என் கட்டுரையை மேடையில் வாசிக்கும்போது முதல் வரியிலேயே குரல் நடுங்குகிறது, கையில் தாள் ஆடுகிறது. எங்கே விட்டேன் என்று தெரியாமல், வேகவேகமாகப் படித்து முடித்து இறங்கிவிடுகிறேன். எதிரே இருப்பவர்களை மரம் மட்டை என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். தைரியம் வர என்ன வழி?

பதில்: முதலில் அந்த மரம் மட்டை யோசனையைத் தூக்கி எறியுங்கள். தங்கள் வேலையை விட்டுவிட்டு உங்களைக் கேட்க வந்து உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். அவர்களை மனிதர்களாகவே நினைக்காவிட்டால் யாருக்காக வாசிக்கப் போகிறீர்கள்?

தைரியம் வரட்டும், பிறகு நன்றாக வாசிக்கலாம் என்று காத்திருந்தால் அது வரவே வராது. நடுக்கத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், வீட்டில் வாய்விட்டு வாசித்துப் பார்த்ததாக ஒரு வார்த்தை எழுதவில்லை. மனசுக்குள் படிப்பது ஒத்திகை ஆகாது. கண் சுலபமாகத் தாண்டிப் போகிற இடத்தில்தான் நாக்கு இடறும்: நீளமான பெயர்கள், அடுத்தடுத்து வரும் ழகர ளகரங்கள், எண்கள். தாளில் 1,25,000 என்று இருந்தால் மேடையில் ஒரு கணம் திணறுவீர்கள். ‘ஒன்றேகால் லட்சம்’ என்று எழுத்திலேயே எழுதிவையுங்கள்.

திக்குவாய்ச் சிரமம் இருந்த பிரிட்டன் மன்னர் ஆறாம் ஜார்ஜ், இரண்டாம் உலகப் போரில் தன் நாடு இறங்கிய 1939 செப்டம்பர் 3 அன்று வானொலியில் நாட்டு மக்களுக்கு உரை வாசித்தார். எங்கே நிறுத்துவது என்று அந்த உரையில் கோடு போட்டுக் கொடுத்தவர் அவருடைய பேச்சுப் பயிற்சியாளர் லயனல் லோக். பேச்சில் பேர்போன பிரிட்டன் பிரதமர் சர்ச்சிலுக்கும் உரைகளைச் செய்யுள் போலச் சின்னச் சின்ன வரிகளாக உடைத்துத்தான் தட்டச்சு செய்து தருவார்கள். நீங்களோ அச்சுக்குக் கொடுத்த கட்டுரையை, நெருக்கமான எழுத்தோடு அப்படியே மேடைக்கு எடுத்துப் போகிறீர்கள். பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடைவெளி விட்டு, பொருள் முடிகிற இடத்தில் வரியை முடியுங்கள். ஒரு வாக்கியம் அடுத்த பக்கத்துக்குத் தாவக் கூடாது.

தமிழில் வாசிப்பவர் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் வாக்கியத்தில் வினை பெரும்பாலும் கடைசியில் வருகிறது. அவசரமாக வாசிப்பவருக்கு மூச்சு தீர்வதும் அங்கேதான். ‘இந்த ஏற்பாட்டை நான் ஒருநாளும் ஆதரித்ததில்லை’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி ‘இல்லை’யை விழுங்கிவிட்டால், பின்வரிசையில் இருப்பவர் காதில் ‘ஆதரித்தது’ என்றுதான் விழும். நீங்கள் எழுதியதற்கு நேர்மாறு! எனவே நீளமான வாக்கியங்களில் வினைக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டு, அங்கே மூச்சை நிரப்பிக்கொண்டு, கடைசிச் சொல்லை முழுசாகச் சொல்லுங்கள். இதை மட்டும் செய்தாலே உங்கள் வேகம் பாதி குறைந்துவிடும்.

நடுக்கம் அட்ரினலின் என்ற ஹார்மோன் செய்கிற வேலை. மேடையில் பழுத்தவர்களுக்கும் அது சுரக்கத்தான் செய்கிறது. தாளுக்கு அடியில் கெட்டி அட்டை வைத்தால் ஆட்டம் வெளியே தெரியாது. தொடங்குவதற்கு முன் மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். அடுத்த மூச்சு தானாக ஆழமாக இறங்கும்.

விட்ட இடம் தொலைவது, வாக்கியத்தின் நடுவில் தலை தூக்குவதால். வாக்கியம் முடியும்போது நிமிர்ந்து பாருங்கள், கட்டைவிரல் ஓரத்தில் அந்த வரியிலேயே இருக்கட்டும். சொல் தவறினால் அதை மட்டும் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போங்கள், மன்னிப்புக் கேட்டு நிற்காதீர்கள்.

முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நடுவில் ஒரு சொல் மறந்தால் எல்லாம் நின்றுபோகும். கூட்டத்தைப் பார்த்தபடி தொடங்குவதற்கு முதல் இரண்டு வாக்கியங்கள் போதும்.