பூங்காவில் பூ இருந்தும் வண்ணத்துப்பூச்சி தங்காததற்குக் காரணம்

வணக்கம். உங்கள் குடியிருப்போர் சங்கம் பூங்காவின் ஒரு மூலையில் இட்லிப்பூவும் செண்டுமல்லியும் நிறைய வைத்திருந்தும், வண்ணத்துப்பூச்சிகள் தேன் குடித்துவிட்டுப் போய்விடுகின்றன, ஒன்றும் பெருகவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். பூவில் குறையில்லை, அங்கே இல்லாதது முட்டையிடுவதற்கான இலை.

ஒவ்வொரு இனமும் தன் புழு தின்னக்கூடிய ஒருசில செடிகளில் மட்டுமே முட்டையிடும் என்பதால், எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிக்கு எலுமிச்சையும், வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு எருக்கும், மஞ்சள், வெள்ளை நிற வகைகள் சிலவற்றுக்குச் சரக்கொன்றையும் அவசியம். எருக்கைக் களையென்று பிடுங்கிவிடுவார்கள். அதைக் காப்பாற்றுவதே உங்கள் முதல் வேலை.

செடி வைத்த பிறகு, இலையில் ஓட்டை விழுந்ததும் தோட்டக்காரர் மருந்து தெளித்துவிட்டால் எல்லாம் வீணாகும். எனவே அவரை அழைத்து எலுமிச்சை இலையைத் திருப்பிக் காட்டுங்கள்: பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பது இளம்புழு, அதுவே வளர்ந்து பச்சையான பின் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற சிவந்த உறுப்பொன்றை நீட்டி நெடியடிக்கும். ஒருமுறை அதைக் கண்டவர் மருந்துப் பம்பைத் தூக்கத் தயங்குவார் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஓரிடத்தில் மண்ணை ஈரமாக வைத்திருங்கள். உப்புச்சத்துக்காக ஆண்பூச்சிகள் அங்கே கூடும்.