மண்டிக் கணக்குக்கு 4 டிபி எதற்கு?

கம்ப்யூட்டர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர், கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்

கேள்வி: எங்கள் மாங்காய் மண்டியில் 2009-இல் வாங்கிய டெஸ்க்டாப் இருக்கிறது. ஜி31 போர்டு, 2 ஜிபி ராம், 160 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7. கொஞ்ச நாளாக உள்ளிருந்து ‘டக், டக்’ என்று சத்தம். பில் போட்டால் அப்படியே நின்றுவிடுகிறது. பெங்களூரா ரக மாங்காய் வரத்து தொடங்குவதற்குள் டிஸ்க்கை மாற்றியாக வேண்டும். மகன் 4 டிபி வாங்கலாம் என்கிறான். கடைக்காரர் சின்ன எஸ்.எஸ்.டி. போதும் என்கிறார். யார் சொல்வது சரி சார்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கடைக்காரர் சொல்லும் எஸ்.எஸ்.டி., அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் டிஸ்க், அதுதான் சரி. ஆனால் கடைக்குப் போவதற்கு முன் சிஸ்டத்தை ஆஃப் செய்யுங்கள்.

உள்ளே சுழலும் தட்டில் எழுதிப் படிக்கும் ஹெட் தன் இடத்தைப் பிடிக்க முடியாமல் போய்ப் போய்த் திரும்புகிறது, அதுதான் அந்த ‘டக், டக்’. இனி ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் கடைசி முறையாக இருக்கலாம். அதனால் வைரஸ் ஸ்கேன், டிஃப்ராக், செக் டிஸ்க் எதுவும் வேண்டாம். பென் டிரைவைத் தயாராக வைத்துக்கொண்டு ஆன் செய்து, பில்லிங் ஃபோல்டரை மட்டும் முதலில் காப்பி எடுங்கள். கல்யாண போட்டோ, வீடியோ எல்லாம் அப்புறம். காப்பி பாதியில் நின்றால் அதோடு விட்டுவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள். ‘மூடியைக் கழற்றிப் பார்க்கலாம்’ என்று யாராவது அங்கேயே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால், டிஸ்க்கை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். மண்டித் தூசி ஒரு துகள் போதும், மொத்தக் கணக்கும் போய்விடும்.

சரி, என்ன வாங்குவது? பழைய சிஸ்டத்தில் போர்டு வைத்ததுதான் சட்டம். உங்கள் ஜி31 போர்டில் டிஸ்க் மாட்டும் சாட்டா சாக்கெட்டுகள் உண்டு, வேகம் செகண்டுக்கு 3 ஜிகாபிட். இப்போது வரும் டிஸ்க் எல்லாம் 6 ஜிகாபிட். பயப்பட வேண்டாம், மாட்டினால் அதுவே 3-க்கு இறங்கிக்கொள்ளும். மகன் சொல்லும் 4 டிபிதான் மக்கர் செய்யும். உங்கள் போர்டு காலத்து பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டு புரோகிராம்) விண்டோஸ் பூட் ஆக வேண்டுமென்றால், டிஸ்க் எம்.பி.ஆர். என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்க வேண்டும், அந்த முறைக்கு 2 டிபிதான் எல்லை. மீதி 2 டிபிக்கும் காசு கொடுத்துவிட்டு சும்மா வைத்திருக்கலாம். தோட்டக்காரர் கணக்கும் லாரி வாடகையும் எத்தனை சீசன் போட்டாலும் அந்த 160-ஐக்கூட நிரப்பாது.

பில் போடும்போது சாஃப்ட்வேர் நூறு இடத்தில் துண்டு துண்டாகப் படிக்கிறது. ஹார்டு டிஸ்க் ஒவ்வொரு துண்டைத் தேடவும் கிட்டத்தட்ட 10 மில்லி செகண்டு எடுக்கும். எஸ்.எஸ்.டி.க்கு அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். உங்களுக்கு வேண்டியது அந்த வேகம்தான், 240 அல்லது 256 ஜிபியே தாராளம். கேட்கும்போது ‘இரண்டரை இன்ச் சாட்டா’ என்று அழுத்திச் சொல்லுங்கள். சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் என்.வி.எம்.இ. என்றால் அதை மாட்ட உங்கள் போர்டில் இடமே இல்லை. கையோடு ராமையும் 4 ஜிபி ஆக்கிவிடுங்கள், ஜி31 அதற்கு மேல் ஏற்காது.

பவர் ஒயரையும் பாருங்கள். பவர் சப்ளை பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சாட்டா பவர் முனை மிச்சம் இல்லையென்றால் நாலு முள் முனையிலிருந்து கன்வர்ட்டர் போடுவார்கள். அந்தக் கன்வர்ட்டரின் சாட்டா முனையைத் திருப்பிப் பாருங்கள். ஒயர்கள் ஒரே பிளாஸ்டிக் வார்ப்புக்குள் புதைந்திருந்தால் வேண்டாம், உள்ளே ஷார்ட் ஆகிப் புகைவது அந்த ரகம்தான். ஒவ்வொரு ஒயரும் தனித்தனிக் காடியில் கடித்து உட்கார்ந்திருப்பது தெரிந்தால் வாங்கலாம்.

பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்யச் சொல்லாதீர்கள். புதிதாக ஓ.எஸ். போட்டுக் கணக்கை மட்டும் ஏற்றுவது நல்லது. பில்லிங் சாஃப்ட்வேர் கொடுத்தவரிடம் லைசென்ஸ் பற்றி முன்பே பேசிவிடுங்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு அப்டேட் நின்றுவிட்டது, பில் போடும் சிஸ்டத்தில் நெட் இல்லாமலே இருக்கட்டும்.

இன்னொன்று. உங்கள் பழைய டிஸ்க் சத்தம் போட்டாவது சொல்லியது. எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் சொல்லாமல் போகும். தினமும் கடை அடைக்கும்போது கணக்கு பென் டிரைவுக்குப் போக வேண்டும்.

கேள்வி: ஜெராக்ஸ் – டி.டி.பி. கடை. பென்டியம் 4, எக்ஸ்.பி., பேஜ்மேக்கர். பத்திரிகை அடிக்கும் தமிழ் ஃபாண்ட் எல்லாம் அதில்தான். ஐ.டி.இ. டிஸ்க் புதிதாகக் கிடைக்குமா அண்ணா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: கிடைக்காதம்மா. சாட்டாவுக்கு முந்தைய, அகலப் பட்டை ஒயர் மாட்டும் ஐ.டி.இ. டிஸ்க் தயாரிப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. ‘புதுசு’ என்று தருவது பழைய ஸ்டாக், இல்லையென்றால் துடைத்து வைத்தது. முதலில் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். 865 சிப்செட் போர்டாக இருந்தால் அகலப் பட்டை ஒயருக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு சாட்டா சாக்கெட் இருக்க வாய்ப்பு அதிகம், யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள். இல்லையென்றால் சாட்டா – ஐ.டி.இ. கன்வர்ட்டர் போட்டு, மாஸ்டர் ஜம்பரைச் சரியாக வைத்து, 120 ஜிபி எஸ்.எஸ்.டி. மாட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். சர்வீஸ் பேக் போடாத எக்ஸ்.பி.க்கு 137 ஜிபிக்கு மேல் கண் தெரியாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும், தமிழ் கீபோர்டு சாஃப்ட்வேரின் செட்டப் ஃபைலையும் இன்றைக்கே காப்பி எடுங்கள். டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், அந்த ஃபாண்டை இனி எங்கே தேடுவீர்கள்?

கேள்வி: பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பர்ப்பிள் லேபிள் ஒட்டிய 1 டிபி டிஸ்க் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: பர்ப்பிள் லேபிள் சிசிடிவி ரெக்கார்டருக்கு என்று செய்தது, உங்கள் சிஸ்டத்திலும் ஓடும். என் சந்தேகம் விலை மேல்தான். கடையிலேயே மாட்டச் சொல்லி, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் ‘பவர் ஆன் ஹவர்ஸ்’, அதாவது இதுவரை ஓடிய மணி நேரம், பாருங்கள். வருஷம் முழுக்க ஓடினால் 8,760 மணி நேரம். அங்கே 30,000 என்று இருந்தால், மூன்று வருஷத்துக்கு மேல் எவர் வீட்டு வாசலையோ படம் பிடித்த டிஸ்க் அது. அப்படியே வைத்துவிட்டு ஓசூர் பஸ்ஸைப் பிடியுங்கள்.

கேள்வி: 1 டிபி டிஸ்க் வாங்கினேன், சிஸ்டத்தில் 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், அரூர்

பதில்: இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. டிஸ்க் முழுசாகத்தான் இருக்கிறது. 500 என்று காட்டியிருந்தால் மட்டும் பில்லோடு கடைக்குப் போங்கள்.