வாசகர் கேள்வி பதில்: தட்டடுக்கு விளக்கும் பூசணி விளக்கும்

கேள்வி: தாத்தா காலத்து ஓட்டு வீட்டைப் பழுது பார்த்து வருகிறோம். சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கவிட விளக்கு தேடியபோது, கோவையில் ஒரு கடையில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்தாற்போன்ற விளக்கைக் காட்டி, அது 1958ஆம் ஆண்டின் டென்மார்க் வடிவம் என்றார்கள். உண்மையா? எந்த நிறுவனத்துடையது? எங்கள் வீட்டுக்கு ஒத்துவருமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நீங்கள் பார்த்தது ‘பி.எச். 5’ என்ற விளக்காகவோ, அதைப் பார்த்துச் செய்த ஒன்றாகவோ இருக்க வேண்டும். அதை வடிவமைத்தவர் டென்மார்க்கின் போல் ஹென்னிங்சன் (1894–1967); பி.எச். என்பது அவர் பெயரின் முதலெழுத்துகள். தயாரிப்பது லூயிஸ் போல்சன் நிறுவனம். 1874இல் கோபன்ஹேகனில் ஒயின் இறக்குமதி வியாபாரமாகத் தொடங்கிய குடும்பம், நகருக்கு மின்சாரம் வந்த 1890களில் கருவிகளும் மின்சாதனங்களும் விற்கத் திரும்பியது. 1925ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியை ஒட்டி ஹென்னிங்சனோடு ஏற்பட்ட உறவு, அவர் காலம் முடியும்வரை நீடித்தது.

மண்ணெண்ணெய் விளக்கின் இதமான ஒளியில் வளர்ந்தவர் ஹென்னிங்சன். மின்சார பல்பு வந்தபோது அதன் வெளிச்சம் அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை. கண் கூசுவதுதான் பெரிதாகப் பட்டது. பல்பை மறைக்க வேண்டும், ஆனால் வெளிச்சத்தை மறைக்கக் கூடாது என்ற சிக்கலுக்கு அவர் கண்ட வழிதான் அந்தத் தட்டுகள். 1926இல் வெளிவந்த மூன்று தட்டு விளக்கில், ஒவ்வொரு தட்டின் வளைவையும் கணித முறையிலான ஒரு சுருள்கோட்டை ஒட்டி அமைத்து, பல்பிலிருந்து வரும் ஒளி தட்டில் பட்டுச் சிதறிய பிறகே மேசைக்கு வந்து சேரும்படி செய்தார். பல்பு தயாரிப்பாளர்கள் அளவையும் வடிவத்தையும் மாற்றிக்கொண்டே இருந்ததில் சலித்துப்போய், எந்த பல்பைப் போட்டாலும் கூசாத விளக்காக 1958இல் பி.எச். 5ஐக் கொண்டுவந்தார். பெரிய தட்டின் விட்டம் 50 சென்டிமீட்டர் என்பதால் அந்த 5. உள்ளே சிறிய பாகங்களில் சிவப்பும் நீலமும் பூசப்பட்டிருக்கும். நம் கண் மஞ்சள், பச்சை நிறங்களை எளிதில் உணர்ந்துவிடுவதால், நிறமாலையின் இரு ஓரங்களுக்கும் அவர் சற்றுக் கைகொடுத்திருக்கிறார். அதே 1958இல் கோபன்ஹேகனின் லாங்கலினி உணவகத்துக்காக 12 வரிசைகளில் 72 இலைகள் கொண்ட ‘ஆர்ட்டிசோக்’ விளக்கையும் செய்தார். அது உங்கள் மேசைக்கு வேண்டாம். அது கல்யாண மண்டபத்து ஆள்.

ஆகவே, கடையில் அணைந்து கிடக்கும் விளக்கைப் பார்த்து விலை பேசாதீர்கள். எரியவிடச் சொல்லி, கீழே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். பிறகு எழுந்து நின்று பக்கவாட்டில் பாருங்கள். எந்த இடத்திலிருந்தாவது பல்பு நேராகக் கண்ணில் பட்டால், உருவத்தைப் பிரதியெடுத்தவர்கள் உள்ளே இருந்த விஷயத்தை விட்டுவிட்டார்கள் என்று பொருள். பல்பையும் கவனியுங்கள். கீழ்ப்பாதி பிளாஸ்டிக் கூடாக இருக்கும் வழக்கமான எல்.இ.டி. பல்பு தன் முனை நோக்கியே பெரும்பாலும் ஒளி வீசுவதால், பாதித் தட்டுகள் இருண்டு கிடக்கும். நாற்புறமும் ஒளிரும் இழை வகை எல்.இ.டி.யில், பால்நிறக் கண்ணாடி போட்டதை வாங்குங்கள். ஐரோப்பிய விளக்குகளில் திருகு ஹோல்டர் இருக்கும். நம் ஊர்ப் பின் பல்பு அதில் உட்காராது.

உங்கள் ஊருக்கென்று ஒரு சங்கடம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சன்னல் திறந்த வீட்டில் தொங்கும் எதையும் சும்மா விடாது. உயரமான ஓட்டுக் கூரையிலிருந்து நீள வயரில் விளக்கு ஆடினால், சாப்பிடுகிறவர் இலையில் வெளிச்சமும் ஆடும். உத்தரத்தில் கொக்கி போட்டு, மேல்பகுதிக்குக் குழாய்க் கம்பி கொடுத்து, வயரை இயன்றவரை குறைத்துக்கொள்ளுங்கள். எடையை வயர் சுமக்கக் கூடாது. மேசைக்கு மேல் 60 சென்டிமீட்டர் உயரம் சரியாக இருக்கும். விளக்குக்கு மேலே மின்விசிறி வேண்டாம். தட்டிடுக்கில் மேலே போகும் ஒளியை இறக்கைகள் வெட்டி வெட்டிக் கூரையில் நிழலாட்டம் காட்டும். மழைக்கால ஈசல் தட்டுகளில் இறகை உதிர்த்துவிட்டுப் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; துடைக்க எட்டும் உயரமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெள்ளைப் பூசணிக்காய் போன்ற பழைய அமெரிக்க விளக்குகளைப் படத்தில் பார்த்தேன். அது துணியா, கண்ணாடியா? விசைத்தறி வைத்திருக்கும் நாங்கள் நூல் துணியில் அப்படிச் செய்ய முடியுமா?
– வாசகர், நகரி

பதில்: இரண்டும் இல்லை, பிளாஸ்டிக். அமெரிக்க வடிவமைப்பாளர் ஜார்ஜ் நெல்சன் தம் அலுவலகத்துக்கு வாங்க விரும்பிய சுவீடன் பட்டு விளக்கின் விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. பட்டுத் துணியைத் துண்டு துண்டாக வெட்டிக் கம்பிக்கூட்டில் தைத்ததால் வந்த விலை அது. போர் முடிந்து ஒதுக்கி நிறுத்திய கப்பல்களை வலையால் மூடி, தானாகவே ஒட்டடை போல் படரும் பிளாஸ்டிக்கைத் தெளித்திருந்த புகைப்படம் அப்போது அவர் நினைவுக்கு வந்தது. எஃகுக் கம்பிக்கூட்டைச் சுழலவிட்டு அதையே தெளித்தார்கள். தையலே இல்லாத தோல் கிடைத்தது. மிச்சிகனின் ஹோவர்ட் மில்லர் கடிகார நிறுவனம் 1950களில் இவற்றைத் தயாரித்தது. பிற்பாடு மாடர்னிகா நிறுவனம் செய்துவந்தது; 2016 முதல் ஹெர்மன் மில்லர் என்ற அறைகலன் நிறுவனம் விற்கிறது. ஹெர்மன் என்பது ஹோவர்டின் தந்தை பெயர் என்பதால் பலர் இரு நிறுவனங்களையும் குழப்பிக்கொள்வார்கள்.

உங்கள் துணியில் தாராளமாகச் செய்யலாம், எல்.இ.டி.யின் சூடு குறைவு. ஆனால் எரியும்போது ஒவ்வொரு தையலும் கறுப்புக் கோடாகத் தெரியும். அதனால் தையலைக் கம்பியின் மேலேயே விழவையுங்கள். கம்பி நிழலும் தையல் நிழலும் ஒன்றாகிவிடும். தளர்ந்த நெசவில் பல்பு ஒரு பொட்டாகத் தெரிந்துவிடும் என்பதால், மெல்லிய நூலில் நெருக்கமாக நெய்த துணியே ஏற்றது. வெளுக்கக் கழற்றும்படி அடியில் நாடா வையுங்கள்.

கேள்வி: ஜப்பான் காகித விளக்கு வாங்கினேன். சாரலில் பூஞ்சைப் புள்ளி விழுந்துவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகர், செங்கோட்டை

பதில்: அது ‘அக்காரி’ வகையாக இருக்கலாம். நீர்க்காகங்களை வைத்து இரவில் மீன் பிடிக்கும் கிஃபு நகரத்துக் காகித லாந்தர்களைக் கண்ட சிற்பி இசாமு நொகுச்சி, 1951 முதல் அந்த ஊர்க் கைவினைஞர்களைக் கொண்டே உருவாக்கியவை அவை. மூங்கில் பட்டையை மர அச்சில் சுற்றி, முசுக்கட்டை மரப்பட்டைக் காகிதத்தை ஒட்டி, காய்ந்தபின் அச்சைப் பிரித்து வெளியே எடுப்பார்கள். விழுந்த புள்ளி போகாது. ஈரத்துணியால் துடைத்தால் காகிதம்தான் கிழியும். அந்த விளக்கு தட்டையாக மடங்கும். எனவே ஆனி பிறக்கும் முன்பே கழற்றி, வெயிலில் சற்று உலர்த்தி, மடித்து, ஈரம் ஏறாத பெட்டியில் வைத்துவிட்டு, புரட்டாசியில் மறுபடி மாட்டுங்கள்.